எட்டால் பிரிக்கவும்

முக்கால் மணித்தியாலத்தில் வந்துவிடும் என்று
பிராம்ப்டனுக்குச் சொல்லிவிட்டேன்.
கல்யாணம் நாற்பத்தைந்து ஜிகாபைட்.
கோப்பாய் மண்டபம், மூன்று கமரா, ஒரு ட்ரோன்.
விசா கிடைக்காத தமையன் சாரங்கன்
அங்கே போனும் கையுமாக இருக்கிறான்.
அவனுக்கு நான் வெறும் 'வீடியோக் கடை'.

மேலேற்றும் வேகம் இருபது என்கிறது பில்.
நாற்பத்தையாயிரத்தை இருபதால் பிரித்தேன்.
கணக்குச் சரி.
அலகு பிழை.

பில்லில் இருந்தது சின்ன பி.
என் கோப்பில் இருப்பது பெரிய பி.
ஆங்கிலக்காரர் எழுத்திலும் சாதி வைத்து
அதற்குள் எட்டு மடங்கை ஒளித்துவிட்டார்கள்.
தமிழில் எழுதியிருந்தால் தப்பியிருப்பேன்:
பிட்டுக்கு மேலே விசிறி,
பைட்டுக்கு முன்னால் சங்கிலிக் கொம்பு.
பை என்றால் பைதான்.
எட்டை உள்ளே போட்டு வாயைக் கட்ட வேண்டியது.

கீழே நகைக்கடை. என் கம்பியில்தான் அவர்களுக்கும் இணைப்பு.
தயாபரன் பாதிப் படியில் நின்று கத்தினான்:
"நூறுக்குக் காசு கட்டுறம்.
பன்னிரண்டரைதான் காட்டுது. பகல் களவு!"
"அது நூறு மெகாபிட்."
"பிட்டோ? காலமை சாப்பிட்டாச்சு."
"ஒரு பவுண் எத்தினை கிராம்?"
"எட்டு."
"நூறு கிராமைப் பவுணிலை சொல்லும் பாப்பம்."
வாய் திறந்தான்.
பன்னிரண்டரை பல்லுக்குள் நின்றுவிட்டது.

இறங்கப் போனவன் திரும்பினான்.
"சில நேரம் பதினொண்டுதானே வருது?"
ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விலாசம் எழுத,
போய்ச் சேர்ந்ததா என்று கேட்க,
சேராததைத் திரும்ப அனுப்பக்
கொஞ்சம் கொஞ்சம் போகும்.
"சேதாரம்," என்றேன்.
அந்தச் சொல்லை அவன் ஒருநாளும்
வாங்குகிற பக்கம் நின்று கேட்டதில்லை.

இருபதை எட்டால் பிரிக்க இரண்டரை.
நாற்பத்தையாயிரத்தை இரண்டரையால் பிரிக்கப்
பதினெட்டாயிரம் வினாடி.
ஐந்து மணித்தியாலம். சேதாரம் வேறு.
'விடியப்புறம் ஆகும்' என்று எழுதினேன்.
'இஞ்சை இன்னும் மத்தியானமே ஆகேல்லை' என்றான்.

அறுபத்தொரு வீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்த
கஸ்தூரியார் வீதி முழுக்க இருட்டு,
என் ரௌட்டரில் மட்டும் நாலு பச்சைப் புள்ளி.
கரண்ட் வந்தது. கோடு நகர்ந்தது.
மூன்றேகாலுக்கு முடிந்தது.

பத்து நிமிடத்தில் கேள்வி.
தாலிகட்டைப் பற்றி இல்லை,
தங்கச்சியின் கூறைச் சேலையைப் பற்றியும் இல்லை.
'ரெண்டாவது கமராவிலை, சமையல் பக்கம்,
நீலச் சீலையோடை நிண்டு
சோடா குடிக்கிறது ஆர்?
எங்கையோ பார்த்த முகம்.'

நிறுத்த மறந்த கமரா அது.
சீலை இன்னும் கதிரையில் கிடக்கிறது,
சோடாக் கறை தோய்க்கவில்லை.
கொக்குவில் டியூட்டரியில் இரண்டு வருசம்
என் பௌதிகக் கொப்பியைப் பார்த்துத்தான்
அவன் அலகு மாற்றினான்.

'தெரியாது' என்று அனுப்பினேன்.

த, ஒரு கொம்பு, ர, ஒரு விசிறி,
ய, ஒரு கால், த, ஒரு சுழி:
எட்டுத் துண்டு.
கணினிக்குத் தமிழ் என்றால் துண்டுக்கு மூன்று பைட்.
இருபத்துநாலு பைட், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிட்.
எந்த அலகில் போட்டாலும் இந்தக் கம்பியில் அது
ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கும் இல்லை.

அடித்து, அழித்து, அடித்து
அனுப்ப எனக்கு எடுத்தது
அவனிடம் முதலில் சொன்ன
அந்த முக்கால் மணித்தியாலம்.